நீருக்கடியில் படமெடுக்க முதல் கேமரா: கையிலிருக்கும் டிஎஸ்எல்ஆருக்கு ஹவுசிங் வாங்குவதா, புதிதாகச் சிறிய கேமராவே வாங்குவதா?

பவளமல்லி (ஜெயநகர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மார்ச் மாதம் அந்தமானில், சுவராஜ் தீப் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக் தீவில், ஸ்கூபா முக்குளிப்பின் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் பயிற்சியை முடித்தேன். இதுவரை ஒன்பது முறை நீருக்குள் இறங்கியிருக்கிறேன். டிசம்பரில் முருடேஸ்வரிலிருந்து நேத்ராணித் தீவுக்குச் செல்லவும், விடுப்பு கிடைத்தால் பிப்ரவரியில் மீண்டும் அந்தமான் செல்லவும் எண்ணியிருக்கிறேன்.

என்னிடம் நிக்கான் டி5600 என்னும் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராவும், அதனுடன் வந்த 18-55 லென்ஸும், ஒரு 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. லால்பாக்கில் பறவைகளையும் பூச்சிகளையும் நான்கைந்து ஆண்டுகளாகப் படமெடுத்து வருவதால் லென்ஸ் துளை (அப்பெர்ச்சர்), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்) ஆகியவற்றில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் பயிற்சியின்போது வாடகைக்கு எடுத்த ஆக்‌ஷன் கேமராவில் நான் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே பச்சையும் நீலமுமாக, மீன் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டிச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கின்றன. கண்ணால் கண்டதில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றில் இல்லை.

மொத்தம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஒதுக்க முடியும். ஏற்கெனவே இருக்கும் டிஎஸ்எல்ஆருக்கு ஹவுசிங் (கேமராவை மூடும் நீர்புகாக் கூடு) மட்டும் வாங்கினால் கேமராச் செலவு மிச்சமாகும் என்பது என் கணக்கு. இது சரியான கணக்கா? இல்லையென்றால் எந்தக் கேமரா, எந்த ஹவுசிங், எந்த லென்ஸ் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முத்துக்குளித்துறை (ஹலசூரு, பெங்களூரு)

வணக்கம் அம்மா. நான் தூத்துக்குடியைச் சேர்ந்தவன். பிழைப்புக்காகப் பெங்களூரு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கணக்கில் ஒரு பெரிய செலவு விட்டுப்போயிருக்கிறது.

டிஎஸ்எல்ஆர் ஹவுசிங் என்பது ஒரே பொருள் அன்று. உடலுக்கு ஒரு கூடு, லென்ஸுக்கு முன்னால் வரும் போர்ட் என்னும் கண்ணாடி முகப்பு, லென்ஸின் நீளத்திற்கேற்ற இடைவளையம், ஜூம் செய்வதற்கான பல்வளையம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்க வேண்டும். லென்ஸை மாற்றினால் பெரும்பாலும் போர்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். எல்லாம் சேர்ந்து கேமராவின் விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடுவது வழக்கம். அதைவிட முக்கியமாக, ஒரு ஹவுசிங் பெரும்பாலும் ஒரே ஒரு கேமரா மாடலுக்காக வார்க்கப்படுவது. பொத்தான் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமைந்திருந்தால்கூட அடுத்த மாடல் அதற்குள் பொருந்தாது. டி5600 2016-இல் அறிவிக்கப்பட்ட கேமரா. அது பழுதானால், அதே மாடலைப் பழைய பொருள் சந்தையில் தேடிப் பிடித்தால் ஒழிய, அந்த விலையுயர்ந்த கூடு வெறும் பெட்டியாக வீட்டில் கிடக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். முகமூடி அணிந்த கண்ணை டிஎஸ்எல்ஆரின் சிறிய காண்துளையில் பொருத்திப் பார்ப்பது கடினம். பின்திரையைப் பார்த்து எடுக்கலாம் என்றால், உங்கள் கேமராவில் லைவ் வியூ முறையில் ஃபோகஸ் மெதுவாகவே அமையும். மீன் அதுவரை காத்திருக்காது.

ஆகவே நீருக்கடியில் முதலில் ஹவுசிங்கைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் பொருந்தும் கேமராவைப் பிறகு தேர்ந்தெடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழந்தவன். 2011-இல் மிக நல்ல கேமரா ஒன்றை வாங்கிய பிறகுதான், அதற்கு எவருமே ஹவுசிங் செய்யவில்லை என்று அறிந்தேன்.

உங்கள் படங்கள் பச்சையாகவும் நீலமாகவும் வந்ததற்குக் காரணம் கேமரா மட்டும் அன்று. நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டர் ஆழத்திற்குள்ளேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மங்கும். பலரும் கவனிக்காத செய்தி, ஒளி மேலிருந்து மீனுக்கு வரும் தொலைவோடு, மீனிலிருந்து உங்கள் கேமராவுக்கு வரும் தொலைவும் சேர்ந்தே இந்த இழப்பு கணக்காகும் என்பது. எட்டு மீட்டர் ஆழத்தில் மூன்று மீட்டர் தள்ளி நின்று கிளிமீனை எடுத்தால் பதினொரு மீட்டர் நீரை அந்த ஒளி கடந்து வந்திருக்கிறது. அத்துடன் நேத்ராணி போன்ற இடங்களில் நீரில் மிதக்கும் நுண்துகள்களும் அதிகம். எனவே உங்களுக்கும் மீனுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பதுதான் இந்தக் கலையின் பாதி. எங்கள் ஊரில் சங்கு குளிக்கும் பெரியவர்கள், தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் கையெட்டும் தொலைவில்தான் தேடுவார்கள். கேமராவுக்கும் அதே அளவுதான் சரி. கையெட்டும் தொலைவுக்கு அப்பால் இருப்பதைக் கண்ணால் பார்த்து மகிழுங்கள், எடுக்க முயலாதீர்கள்.

இந்த நோக்கில் பார்த்தால், மிக அருகில் சென்று ஃபோகஸ் செய்யும் கேமராவே உங்களுக்கு வேண்டும். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 கேமராவையும் அதற்கான பிடி-059 ஹவுசிங்கையும் நான் பரிந்துரைப்பேன். 2019-இல் ஒலிம்பஸ் பெயரில் வந்த டிஜி-6-க்கும் இதே ஹவுசிங்தான். ஆகையால் பழைய கேமரா நல்ல நிலையில் கிடைத்தாலும் கைவிடாதீர்கள். அதன் மைக்ரோஸ்கோப் முறையில் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதைக்கூட எடுக்க முடியும். கேமரா ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும்; ஹவுசிங்குடன் 45 மீட்டர். ஓப்பன் வாட்டர் முடித்த நீங்கள் 18 மீட்டர் வரை செல்லலாம் என்பதால் ஹவுசிங் இல்லாமல் இறங்காதீர்கள். புதியவர்களுக்கு இதில் கிடைக்கும் பெரிய ஆறுதல், ஹவுசிங் கசிந்தாலும் உள்ளே இருக்கும் கேமரா தானே நீரைத் தாங்கக்கூடியது என்பது. நீரைத் தாங்காத கேமராவில் முதல் கசிவே கடைசிக் கசிவாகிவிடும்.

கூர்நோக்கு (இந்திராநகர், பெங்களூரு)

முத்துக்குளித்துறை ஐயா கூறியதில் ஹவுசிங் பற்றிய பகுதி முழுவதையும் ஏற்கிறேன். ஆனால் டிஜி-7 இந்தக் கேள்வியைக் கேட்டவருக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

கேட்டவர் நான்கைந்து ஆண்டுகளாக மேனுவல் முறையில் பழகியவர். டிஜி வரிசைக் கேமராக்களில் ஷட்டர் வேகத்தையும் துளையையும் ஒருசேர நாமே அமைக்கும் முழு மேனுவல் முறை கிடையாது. அதன் உணரி (ஒளியைப் பதிவு செய்யும் சென்சார்) 1/2.33 அங்குலம், 12 மெகாபிக்சல். அரையிருளில் ஐஎஸ்ஓவை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். பாறை இடுக்கில் இருக்கும் களவா மீனையோ, மங்கிய ஒளியில் பாறையோரம் திரளும் ஊழி மீன் கூட்டத்தையோ எடுக்கும்போது இந்தக் குறை உறுத்தும். மூன்று ஆண்டுகள் டிஜி-6 வைத்திருந்த பிறகே இதைச் சொல்கிறேன். சிறு உயிரினங்களுக்கு அதைப்போல் எளிய கருவி வேறில்லை. ஆனால் அகன்ற காட்சிக்கு வரும்போது நான் ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன்.

ஓர் அங்குல உணரி கொண்ட கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2 அல்லது சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஒன்றை இரண்டாம் கையாக வாங்குவதையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் 20 மெகாபிக்சல் அளவிலானவை. முழு மேனுவல் உண்டு. பிறகு நிறத்தைத் திருத்த உதவும் ரா கோப்பும் உண்டு. கேனானுக்கு அந்நிறுவனமே செய்த பாலிகார்பனேட் ஹவுசிங் 40 மீட்டர் வரை செல்லும். வெள்ளைச் சிலேட்டை எதிரே காட்டி வொய்ட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) நீருக்குள்ளேயே அமைத்துக்கொள்வது கேனானில் எளிது. ஆழம் மாறும்போதெல்லாம் அதை மீண்டும் அமைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

இவற்றின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜூமின் நீண்ட முனையில் ஜி7எக்ஸ் மார்க் 2 ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும். விரல் நகத்தளவு ஓடில்லாக் கடல் நத்தையை எடுக்க வேண்டுமென்றால், ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் குளோசப் லென்ஸ் தனியாக வாங்க வேண்டும்.

இரண்டாம் கைப் பொருள் வாங்கும்போது கேமராவை விட ஹவுசிங்கைத்தான் உற்றுநோக்க வேண்டும். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அழுத்திய பொத்தான் உடனே எழாமல் மெல்ல எழுந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது என்று பொருள். ஓ-ரிங் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) அமரும் பள்ளத்தில் விரல் நகத்தால் தடவிப் பார்த்து, கீறல் தட்டுப்பட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பழைய ஓ-ரிங்கை நம்பாமல் புதியது மாற்றிவிட்டுத்தான் நீரில் இறக்க வேண்டும்.

கீழைக்கடல் (ஹேவ்லாக்; சொந்த ஊர் பெங்களூரு, சிவாஜிநகர்)

நான் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். கேமராவைப் பற்றி இருவரும் நன்றாகவே கூறியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றே உண்டு. அதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஒன்பது முறை இறங்கியவரின் கையில் கேமராவைக் கொடுத்தால் அவருடைய கவனம் காற்றளவைக் காட்டும் கருவியிலிருந்தும் உடன் வரும் துணையிடமிருந்தும் விலகிவிடுவதை நான் வாரந்தோறும் காண்கிறேன். மிதப்புக் கட்டுப்பாடு கைகூடாதவர், படத்துக்காக அருகில் செல்லும்போது முழங்காலைப் பவளத்தின்மேல் ஊன்றுகிறார், அல்லது காலில் அணிந்த துடுப்பால் அடித்து உடைக்கிறார். ஒரு கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். பாறைபோல் உருண்டு திரண்டிருக்கும் வகையோ ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. ஒரு நொடியில் உடைவது திரும்ப வளர எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் இருக்கின்றன.

நேத்ராணிப் பயணத்தில் முதல் இரண்டு இறக்கங்களைக் கேமரா இல்லாமல் செய்யுங்கள். ஓரிடத்தில் கையையும் காலையும் அசைக்காமல், மூச்சின் ஏற்ற இறக்கத்தால் மட்டும் ஒரு நிமிடம் அதே ஆழத்தில் நிற்க முடிந்தால், மூன்றாம் இறக்கத்தில் கேமராவை எடுத்துச் செல்லுங்கள். கேமராவைக் கையில் பிடிக்காதபோது அது தொங்கி ஆடாமல் இருக்க, சுருள் கயிற்றால் மார்புப் பட்டையில் கொக்கியிட்டு வையுங்கள்.

பவளமல்லி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கீழைக்கடல் அவர்களே, நீங்கள் சொன்னதை அப்படியே செய்வேன். என் பயிற்றுநரும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார். அப்போது ஆசை மிகுதியில் காதில் வாங்கவில்லை.

என் விருப்பம் எது என்று மூன்று நாள்களாக யோசித்தேன். லால்பாக்கிலும் நான் யானையளவு மரங்களை விட்டுவிட்டு இலையடியில் இருக்கும் பூச்சியைத்தான் தேடுவேன். ஆகவே சிறு உயிர்களே என் பக்கம் என்று தோன்றுகிறது. ஆனால் கூர்நோக்கு அவர்கள் கூறிய மேனுவல் குறை தயங்க வைக்கிறது. மேலும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அகன்ற காட்சிக்குத் தனி லென்ஸ் இப்போதே தேவையா? ஸ்ட்ரோப் (கேமராவுக்கு வெளியே பொருத்தும் ஃபிளாஷ்) வாங்குவதா, வீடியோ விளக்கு போதுமா?

முத்துக்குளித்துறை

அகன்ற லென்ஸைப் பற்றி முதலில் சொல்கிறேன். கேமராவுக்கு முன் தட்டையான கண்ணாடி இருந்தால், நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால் காட்சிக்கோணம் சுருங்கும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், 24 மி.மீ. என்று எழுதியிருக்கும் லென்ஸ் நீருக்குள் 32 மி.மீ. போல நடந்துகொள்ளும். கண்ணுக்கும் மீன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவது இதனால்தான். சிறிய உயிரை எடுக்கும்போது இந்தச் சுருக்கம் நமக்குச் சாதகம். ஆமையையோ திருக்கையையோ எடுக்கும்போது பாதகம், ஏனெனில் முழு உருவமும் சட்டத்துக்குள் வரப் பின்னால் நகர வேண்டியிருக்கும், நகர நகர இடையில் நீர் கூடும். அரைக்கோள வடிவ டோம் போர்ட் இந்த இழப்பை மீட்டுத் தருகிறது. சிறிய கேமராக்களுக்கு அதற்குப் பதிலாக, நீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றக்கூடிய அகன்ற வெட் லென்ஸ்கள் உண்டு. மாட்டியவுடன் இடையில் காற்றுக்குமிழ் சிக்கியிருக்கும். லென்ஸைச் சற்றே தளர்த்தி விரலால் துடைத்துவிட்டுப் பிறகு இறுக்க வேண்டும். இதை மறந்து ஓர் இறக்கம் முழுவதும் குமிழோடு எடுத்துத் திரும்பியிருக்கிறேன்.

உங்கள் விருப்பம் சிறு உயிர்கள் என்பதால் இந்த லென்ஸை இவ்வாண்டு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை ஒளிக்கு வையுங்கள்.

மேனுவல் குறையைப் பற்றிக் கூர்நோக்கு சொன்னது உண்மை. எனினும் மிக அருகில், செயற்கை ஒளியில் எடுக்கும்போது ஒளியின் அளவை நாம் கொண்டுசெல்லும் விளக்கும், லென்ஸ் துளையுமே முடிவு செய்கின்றன. துளையை மட்டும் நாம் அமைக்கும் துளை முன்னுரிமை முறையில் டிஜி-7 அதற்குப் போதுமான இடம் தருகிறது. பெரிய கேமராவுக்கு நீங்கள் நகரும் நாளிலும் ஸ்ட்ரோபும் அதைத் தாங்கும் கம்பிக் கைகளும் உடன் வரும். கேமரா மாறினாலும் மாறாத முதலீடு அதுதான்.

கூர்நோக்கு

கேட்டவரின் விருப்பம் சிறு உயிர்கள் என்று தெளிவான பிறகு நானும் டிஜி-7-க்கே உடன்படுகிறேன். அகன்ற காட்சிதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் என் பழைய கருத்திலேயே நின்றிருப்பேன்.

விளக்கா, ஸ்ட்ரோபா என்பதற்கு: ஓராயிரம் லூமென் விளக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கும் உயிருக்குப் போதும், ஃபோகஸ் செய்யவும் உதவும். ஆனால் பகல் நேரத்தில் ஒரு மீட்டர் தள்ளியுள்ள எதற்கும் அது எடுபடாது. ஸ்ட்ரோப் நொடியின் மிகச் சிறு பங்கில் மொத்த ஒளியையும் கொட்டுவதால் அசைவும் உறைகிறது, நிறமும் திரும்புகிறது. கேமராவிலுள்ள ஃபிளாஷ் ஒளியை ஒளியிழைக் கம்பி வழியாக ஸ்ட்ரோப் உணர்ந்து எரியும். ஹவுசிங்கில் துளையிட வேண்டிய தேவையில்லை.

கேமராவின் ஃபிளாஷை மட்டும் நம்பி எடுத்தால், லென்ஸுக்கு நேர் எதிரேயுள்ள துகள்கள் எல்லாம் ஒளிர்ந்து படம் முழுவதும் வெண்புள்ளிகளாகும். ஸ்ட்ரோபை அதன் கம்பிக் கையின் உதவியால் பக்கவாட்டில் விலக்கி, போர்ட்டின் முகப்பைவிடச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, ஒளிக்கற்றையின் நடுப்பகுதி அன்றி அதன் விளிம்பு மட்டும் உயிரின்மேல் படுமாறு திருப்புங்கள். இதை ஒரு மாலையில் வீட்டு அறையிலேயே பழகலாம். சிவப்பு ஃபில்டர் யாராவது விற்க வந்தால், அது இயற்கை ஒளிக்கு மட்டுமே உரியது என்பதை நினைவில் வையுங்கள். ஸ்ட்ரோபுடன் சேர்ந்தால் முன்னால் இருப்பதெல்லாம் சிவந்துவிடும்.

பவளமல்லி

தெளிவாகிவிட்டது. டிஜி-7, பிடி-059, ஒரு சிறிய ஸ்ட்ரோப், அதற்கு ஒரு கம்பிக் கை, ஒரு விளக்கு என்று முடிவு செய்திருக்கிறேன். டி5600 லால்பாக்கிலேயே இருக்கட்டும். ஹவுசிங்கைப் பெங்களூருவில் வீட்டிலேயே பூட்டிச் சீராக வைத்து எடுத்துச் செல்லலாமா? படகில் மணலும் ஈரமும் இருக்குமே என்ற அச்சத்தால் கேட்கிறேன்.

முத்துக்குளித்துறை

வேண்டாம் அம்மா. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது; இங்குள்ள காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குதான். இங்கே பூட்டிய கூட்டை முருடேஸ்வரில் திறக்க முயன்றால் வெளிக்காற்று அதை அழுத்திப் பிடித்திருக்கும். நெம்பித் திறக்கப் போய் விளிம்பு கீறிப்போகலாம். விமானத்தில் அந்தமான் செல்லும்போதும் முதன்மை ஓ-ரிங்கைக் கழற்றித் தனி டப்பியில் வைத்துவிட்டுக் கூட்டைத் திறந்த நிலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். லித்தியம் மின்கலங்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இறங்குவதற்கு முந்தைய இரவே, விடுதியின் ஏசி அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு பூட்டுங்கள். ஏசி அறைக் காற்றில் ஈரம் குறைவு என்பதால் குளிர்ந்த நீருக்குள் போனதும் கண்ணாடியில் உட்புறம் பனி படியாது. ஒரு சிலிக்கா ஜெல் பையும் உள்ளே இருக்கட்டும். தலைமுடி ஒன்று ஓ-ரிங்கின் குறுக்கே கிடந்ததால் 2014-இல் நான் ஒரு கேமராவை இழந்தேன்; அதுவும் ஆழத்தில் அன்று, படகிலிருந்து குதித்த முதல் இரண்டு மீட்டரில். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமே கூட்டை இறுக்கிக்கொள்ளும்; மேலே இருக்கும்போதுதான் அது தளர்வாக இருக்கிறது. ஆகவே குதிக்கும்போது கேமராவைக் கையில் வைத்துக்கொள்ளாமல், இறங்கிய பின் படகுக்காரரிடமிருந்து வாங்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு நிமிடம் பிடித்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

ஓ-ரிங்குக்கு அந்த ஹவுசிங்குடன் வரும் மசகையே, பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அதிகம் தடவினால் அதுவே தூசியைப் பிடித்துவைக்கும். கரையேறியதும் திறக்காமல், நல்ல நீர்த் தொட்டியில் அரைமணி நேரம் ஊறவைத்து, நீருக்குள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் பலமுறை அழுத்துங்கள். உப்பு உலர்ந்துவிட்டால் பிறகு எடுப்பது கடினம்.

பொருள் கைக்கு வந்தவுடன், கேமரா இல்லாமல், உள்ளே ஒரு தாள் கைக்குட்டையை மட்டும் வைத்துப் பூட்டி, கையளவு ஈயக் குண்டுகளையும் போட்டு, வீட்டு வாளியில் ஒரு மணி நேரம் மூழ்கவையுங்கள். நேத்ராணியில் நீங்கள் கேமரா இல்லாமல் செய்யப்போகும் அந்த இரண்டு இறக்கங்களில், உடன் வரும் பயிற்றுநர் இசைந்தால், இரண்டாவதில் வெறும் கூட்டை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். தாள் உலர்ந்திருந்தால் மூன்றாவதில் கேமராவை வையுங்கள்.